பூட்டும் திறவுகோலும்

நம் இல்லங்களிலுள்ள பொருள்களுள் நாடோறும் கையினால் தொடப்பெற்றும் கண்ணினால் நோக்கப்பெறாத பொருள் யாது என்று வினவினால், வாயிற் கதவிலே தொங்கும் பூட்டு என்றே விடை கூறலாம். குத்துவிளக்கைத் துடைத்துத் திலகமிட்டு வைக்கிறோம். செம்பையும் குடத்தையும் புளியிட்டுத் துலக்குகிறோம். பூட்டுக்கோ, அது திறவாமல் முரண்டு செய்கின்ற நாளிலே இரண்டு சொட்டு எண்ணெய் கிடைப்பதே அரிது. அது பழுதாயின் பழைய பித்தளைக்காரனிடம் எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கி வருகிறோம். ஆனால், நாம் இவ்வண்ணம் எடைபோட்டுத் தள்ளுகின்ற பொருளின் இனத்தைச் சேர்ந்தவையே மேனாட்டுப் பொருட்காட்சிச் சாலைகளிலே கண்ணாடிப் பேழைகளுக்குள் விளக்கொளியில் வீற்றிருக்கின்றன. எகிப்தியர், உரோமர், சீனர், பாரசீகர், ஆப்பிரிக்கர் முதலான பல தேசத்தாரின் பூட்டுகளையும் திறவுகோல்களையும் அந்நாட்டார் கலைப்பொருள்களாகப் போற்றி, அவற்றின் வயதையும் வரலாற்றையும் எழுதி வைத்திருக்கின்றனர்.

ஆத்தூர் முதலிய ஊர்களில் வாழும் நமக்கு இவ்விஷயம் அயலானதன்று. பூட்டு என்றால் திண்டுக்கல் என்று தமிழ்நாடு முழுவதும் சொல்லும்படியாகப் பெயர் பெற்ற ஊர் நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. நம் வீட்டு வாயிலிலும், நெற்குதிர் அறையிலும், தோட்டத்து மோட்டார் அறையிலும் அவ்வூர்ப் பூட்டே பல்லாண்டுகளாகக் காவல் செய்து வந்திருக்கிறது. ஆதலின் பூட்டின் பூர்வ சரித்திரத்தையும், அதில் நம் பக்கத்து ஊரார்க்குள்ள பங்கையும், ஒரு சங்கமாகக் கூடி வாழும் நமக்கு அதனால் விளங்கும் உண்மையையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

சொல்லின் வரலாறு

தமிழர்க்குக் கதவடைக்கும் கருவி நேற்று வந்ததன்று. அடைக்கும் கருவிக்குத் ‘தாழ்’ என்பது பழம்பெயர். அதனைத் திறக்கும் கோலுக்குத் ‘தாழக்கோல்’ என்று பெயர். ‘தாழ்’ என்னும் சொல்லும் ‘கோல்’ என்னும் சொல்லும் சேருங்கால் இடையிலே எவ்வாறு சாரியை பெறும் என்பதற்குத் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்திலே தனியாக ஒரு விதி கூறப்பட்டிருக்கிறது. ஓர் இலக்கண ஆசிரியர் ஒரு சொல்லுக்கென்று விதி வகுப்பாராயின், அச்சொல் மக்கள் வாயில் வழங்கியிருத்தல் வேண்டும். அச்சொல் குறிக்கும் பொருளும் மக்கள் கையிலே இருந்திருத்தல் வேண்டும். அன்பைப் பற்றிக் கூறவந்த திருவள்ளுவரும் தாழையே உவமையாக எடுத்தாண்டார். கற்றோர்க்கும் கல்லாதார்க்கும் ஒருங்கே விளங்கக்கூடிய பொருளையன்றோ புலவர் உவமையாகக் கொள்வர்!

பிற்காலத்தில் ‘பூட்டு’ என்னும் சொல் வழக்கில் மிகுந்தது. ஏரில் மாட்டைப் பூட்டுவது போல இரண்டைச் சேர்த்துப் பிணைத்தல் என்பதே அதன் பொருள். ‘திறவுகோல்’ என்பது பழைய தாழக்கோலின் வழிவந்த பெயர். இக்காலத்தில் நாம் யாவரும் சொல்லும் ‘சாவி’ என்பதோ போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்த சொல். அலமாரி, ஜன்னல் முதலியனவும் அவ்வாறே வந்தவை. ஆகவே, நம் வீட்டு மாடத்திலுள்ள சாவியை எடுத்துப் பூட்டைத் திறக்கும்போது, ஒரு தமிழ்ச்சொல்லும் ஒரு கடல் கடந்த சொல்லும் ஒன்றோடொன்று சந்திக்கின்றன. பூட்டின் சரித்திரமும் இத்தகையதே. எத்தேசத்தாரும் அதனைத் தமக்கே உரியது என்று கூற இயலாது. ஒவ்வொரு தேசத்தாரும் தம் கைத்திறனையும் கருத்தையும் அதிலே சேர்த்திருக்கின்றனர்.

மரப்பூட்டு

இன்று நமக்குத் தெரிந்த பழம் பூட்டுகளுள் முதன்மையானது மரத்தாலாகியது. எகிப்து தேசத்திலும் அதனைச் சூழ்ந்த நாடுகளிலும் அது வழங்கியது. அதன் அமைப்பு மிக எளிது. கதவின் குறுக்கே ஒரு மரத்தாழ் செல்லும். அத்தாழிலே சில துளைகள் இருக்கும். அதன்மேல் பொருத்திய கட்டையிலிருந்து சிறு முளைகள் தம் பாரத்தினாலேயே அத்துளைகளில் விழுந்து தாழை அசையவொட்டாமல் பிடித்துக்கொள்ளும். திறவுகோல் என்பது பல் துலக்கும் தூரிகையைப் போன்ற ஒரு நீண்ட மரக்கோல். அதன் நுனியிலே அம்முளைகளுக்கு நேராகப் பற்கள் நிற்கும். கோலை உள்ளே செலுத்தி மேலே தூக்கினால் முளைகள் எழும்பும்; தாழ் விடுபடும். அசிரியா நாட்டில் இரண்டாம் சர்கோன் அரசன் ஏறக்குறைய 2,700 ஆண்டுகளுக்கு முன் கட்டிய கோர்சாபாத் அரண்மனையின் இடிபாடுகளிலே இவ்வகைப் பூட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. இன்று நாம் கடைகளில் வாங்கும் உருளைப் பூட்டுகளின் உட்புறத்திலும் இதே முளைத் தத்துவமே வேலை செய்கின்றது. மரத்துக்குப் பதிலாகப் பித்தளையும், பாரத்துக்குப் பதிலாகச் சுருள்வில்லும் வந்தன என்பதே வேற்றுமை.

இம்மரப்பூட்டை அலங்காரப் பொருளாக உயர்த்தியவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலே மாலி தேசத்தில் வாழும் டோகன், பம்பாரா என்னும் மக்கள். தானியக் குதிர்களின் சிறு கதவுகளுக்கு டோகன் மக்கள் செதுக்கிய பூட்டுகளின் தலைப்பிலே முன்னோரின் உருவங்கள் அமர்ந்திருக்கும். பம்பாரா மக்களின் பூட்டுகளோ மனித உருவத்தையும் முதலை, பல்லி முதலான பிராணிகளின் உருவத்தையும் கொண்டிருக்கும். ஒரு கள்வன் மரப்பூட்டை உடைக்க வேண்டுமானால் ஒரு கோடரி போதும். ஆயினும் முன்னோர் காவல் நிற்கும் கதவை உடைக்க அவ்வூரிலே எவன் துணிவான்? பூட்டின் வலிமை மரத்தில் இருந்ததைக் காட்டிலும் ஊராரின் மனத்திலேயே மிகுதியாக இருந்தது.

பல தேசத்துப் பூட்டுகள்

கிரேக்க மகாகவியான ஹோமர் பாடிய ஒடிஸி காவியத்திலே, நாயகி பெனலோப்பி தன் கணவனுடைய வில் வைத்த கருவூலத்தைத் தந்தப் பிடியிட்ட வெண்கலத் திறவுகோலால் திறக்கும் காட்சி ஒன்று வருகின்றது. கிரேக்கக் கோயில்களில் பூசை செய்த பெண்டிரின் சிலைகளிலும் சித்திரங்களிலும் பெரிய திறவுகோலே அவர்தம் பதவிக்கு அடையாளமாகக் காட்டப்பெற்றது. உரோமர் இரும்பாலும் வெண்கலத்தாலும் சிறு பூட்டுகளைச் செய்தனர். பெட்டியின் திறவுகோலையே மோதிரமாக அமைத்து விரலில் அணிந்துகொள்வது அவர்கள் வழக்கம். அத்தகைய மோதிரச் சாவிகள் பல இன்றும் கிடைக்கின்றன. நம் பெண்மக்கள் முந்தானையிலோ இடுப்பிலோ சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு இல்லத்தை ஆளுவதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

சீன தேசத்தார் நீண்ட பித்தளைப் பூட்டுகளைச் செய்தனர். உள்ளே விரிந்து நிற்கும் எஃகு வில்தகடுகளைச் சாவி நெருக்கி ஒடுக்கும்போது தாழ் பக்கவாட்டில் நழுவி வெளிவரும். அவற்றுள் மீன் வடிவமாக அமைந்தவை மிகுதி. மீன் கண்ணை மூடுவதில்லை. ஆகையால் உறங்காத காவலாளிக்கு அதைவிட நல்ல உருவம் வேறில்லை என்பது அவர்கள் கருத்து. அதுமட்டுமன்று. குழந்தை பிறந்தால் வெள்ளியிலே சிறு பூட்டு வடிவம் செய்து அதன் கழுத்திலே கட்டும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. உயிர் உடலை விட்டு நீங்காதபடி பூட்டிவைப்பதாக அதற்குப் பொருள். நாம் அரைஞாணும் தாயத்தும் கட்டுவது எவ்வெண்ணத்தாலோ அவ்வெண்ணத்தால் அவர்கள் பூட்டைக் கட்டினர்.

பாரசீகக் கொல்லர் சிங்கம், குதிரை, ஆடு, பறவை முதலிய வடிவங்களில் சிறு பூட்டுகளை வார்த்தனர். இந்தியாவின் பல பகுதிகளிலும் பிராணி வடிவான பித்தளைப் பூட்டுகள் செய்யப்பெற்றன. மக்கா நகரத்துக் கஅபாவின் கதவுக்குரிய பூட்டுகளும் திறவுகோல்களும் திருமறை வாசகங்கள் பொறிக்கப்பெற்று விளங்கின. அவற்றுட் பல இன்று துருக்கி தேசத்து இஸ்தான்புல் நகரில் தோப்காபி அரண்மனைக் காட்சிச் சாலையிலே இருக்கின்றன. அக்கதவின் சாவியைக் காக்கும் உரிமை நபிகள் காலந்தொட்டு ஒரே குடும்பத்தாரிடம் வழிவழியாக இருந்து வருகிறது. பிரான்ஸ் தேசத்து அரசன் பதினாறாம் லூயி, அரண்மனையிலே தனக்கென்று ஒரு பட்டறை வைத்துப் பூட்டுச் செய்யும் தொழிலைக் கையால் பயின்றான். முடி சூடிய மன்னனும் அரம் பிடித்து ராவுவதில் இன்பங்கண்டான் என்றால், அத்தொழிலை இழிவு என்று எவரேனும் சொல்லக்கூடுமோ?

அழகுக்குப் பின் நுட்பம்

வெளிப்புறத்திலே இத்தனை வேலைப்பாடு இருந்தும், பதினெட்டாம் நூற்றாண்டு வரையிற் செய்த பூட்டுகளுட் பெரும்பாலானவற்றைத் திறமையுள்ள கள்வன் ஒரு வளைந்த கம்பியால் திறந்துவிடலாம். இக்குறையைத் தீர்க்க இங்கிலாந்தில் முயன்றவர்கள் மூவர். 1778-ஆம் ஆண்டில் ராபர்ட் பாரன் என்பவர் லீவர் என்னும் தகடுகளை அமைத்தார். சாவியின் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு தகட்டைத் தூக்கும். தகடுகள் யாவும் தத்தமக்குரிய உயரத்தில் நின்றால்தான் தாழ் நகரும். ஒரு தகடு குறைவாக எழும்பினாலும் திறவாது. மிகையாக எழும்பினாலும் திறவாது. 1784-இல் ஜோசப் பிராமா வேறொரு முறையில் உருளை வடிவான பூட்டைச் செய்தார். 1818-இல் ஜெரிமையா சப் என்பவர், எவனேனும் கள்ளச்சாவி இட்டுத் தகட்டை அளவுக்கு மேல் தூக்கினால் உள்ளே சிக்கிக்கொண்டு, உடையவன் வரும்போது அச்செய்தியைத் தெரிவிக்கும் பூட்டைச் செய்தார்.

பிராமாவின் கம்பெனியார் தம் கடை ஜன்னலிலே ஒரு பூட்டை வைத்து, இதனைச் சாவியின்றித் திறப்போர்க்கு 200 கினி பரிசு என்று விளம்பரம் செய்திருந்தனர். பல்லாண்டுகள் அதனை ஒருவரும் வெல்லவில்லை. 1851-ஆம் ஆண்டில் லண்டனில் நடந்த மகா கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஹாப்ஸ் என்பவர், முதலில் சப்பின் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்தார். பின்பு பிராமாவின் பூட்டை 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்துத் திறந்து பரிசு பெற்றார். ஆங்கிலேயர்க்கு இது பெரிய அதிர்ச்சியாயிற்று. ஒருவன் அறிவால் அமைத்ததைப் பிறிதொருவன் அறிவால் அவிழ்க்கலாம் என்பது அன்று உலகத்துக்கு விளங்கிற்று. பூட்டு என்பது கள்வனை என்றைக்கும் தடுப்பதன்று. நல்லவனை நல்லவனாகவே இருக்கச் செய்து, தீயவனுக்குக் காலதாமதம் உண்டாக்குவதே அதன் தொழில்.

திண்டுக்கற் பூட்டு

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். மதுரை நாயக்கர் ஆட்சியிற் கோட்டை எழுந்து, ஹைதர் அலி காலத்தில் படைத்தலமாகி, 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலக் கம்பெனியார் வசமான ஊர் திண்டுக்கல். பின்னர்ப் புகையிலையும் தோலும் பூட்டுமே அவ்வூருக்குப் பெயர் தந்தன. பூட்டுத் தொழிலைச் சங்கரலிங்க ஆசாரி என்பவரும் அவர்தம் சகோதரர்களும் தொடங்கி வைத்தார்கள் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக அத்தொழில் அங்கே நடந்து வருகின்றது. ஒரு பட்டறையில் கற்றவன் வேறொரு பட்டறை வைத்தான். நாளடைவில் நகரத்தின் வீதிகளிலும், சுற்றியுள்ள சிற்றூர்களிலும் அரத்தின் ஒலி கேட்கலாயிற்று.

திண்டுக்கற் பூட்டின் உள்ளமைப்பு, மேலே கூறிய லீவர் முறையைச் சார்ந்ததே. ஆயினும், அம்முறையை இயந்திரத்தின் உதவியின்றிக் கையினாலேயே செய்து காட்டியதுதான் நம் தொழிலாளரின் பெருமை. இரும்புத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் அளவுப்படி வெட்டுவார்கள். வளையத்தைக் காய்ச்சி வளைப்பார்கள். லீவர்த் தகடுகளை ஒவ்வொன்றாக ராவி, அவற்றுக்கு வில் சேர்த்து அடுக்குவார்கள். அடுக்கு மிகுந்தால் பூட்டின் உறுதியும் மிகும், விலையும் மிகும். பிறகு சாவியின் பற்களை அத்தகடுகளுக்கு இசைய அரத்தால் ராவி ராவிப் பொருத்திப் பார்ப்பார்கள். தகடுகள் யாவும் ஒரே கணத்தில் வழிவிட்டுத் தாழ் நழுவும் ஓசையைக் காதாற் கேட்டே வேலை முடிந்தது என்று அறிவார்கள். கடைசியில் மேல்தகட்டை ஆணியடித்து இறுக்கி மெருகிடுவார்கள். இவ்வாறு ஒவ்வொரு பூட்டும் தனித்தனியே கையால் இசைக்கப்படுவதால், ஒன்றின் சாவி பிறிதொன்றுக்குப் பொருந்துவது அரிது.

வடிவத்திலும் அவர்கள் வஞ்சனை செய்யவில்லை. மாங்காய் வடிவத்தில் அமைந்த மாங்காய்ப் பூட்டு எல்லாவற்றிலும் புகழ் பெற்றது. மாங்காய் நம் கோலத்திலும் சேலைக் கரையிலும் நகையிலும் இடம்பெறும் மங்கல வடிவம். சீனன் மீனைக் கண்டான். பாரசீகன் சிங்கத்தைக் கண்டான். நம்மவன் மாங்காயைக் கண்டான். அன்றியும் சதுரப் பூட்டு, அலமாரிப் பூட்டு, மேஜை இழுப்பறைப் பூட்டு, கோயிற் கதவுகளுக்கும் கிடங்குகளுக்கும் உரிய பெரும் பூட்டு, சாவித் துவாரத்தை மறைத்து வைத்திருக்கும் தந்திரப் பூட்டு என்று வகைகள் பலவாயின. பித்தளைப் பூட்டை ஒரு நூறு ஆண்டு கையாண்டாலும் அதன் முகம் தேய்ந்து பொன்போல் ஒளிருமேயன்றி இற்றுப் போவதில்லை.

இத்தொழில் இந்நாளில் எந்நிலையில் இருக்கின்றது? வடநாட்டில் அலிகார் நகரத்தார் இயந்திரங்களைக் கொண்டு ஏராளமாகப் பூட்டுகளைச் செய்து குறைந்த விலைக்கு அனுப்புகின்றனர். 1897-ஆம் ஆண்டில் பம்பாயிலே அர்தேஷிர் கோத்ரெஜ் தொடங்கிய தொழிற்சாலை முதலான பெருங் கம்பெனிகளின் பூட்டுகள் கடைதோறும் நிறைந்துள்ளன. சீன தேசத்திலிருந்தும் மலிவான பூட்டுகள் வந்து குவிகின்றன. ஒரு நாள் முழுவதும் ராவிச் செய்த கைப்பூட்டு, ஒரு நிமிஷத்தில் இயந்திரம் அடித்துத் தள்ளும் பூட்டோடு விலையிற் போட்டியிடுவது எங்ஙனம்? கூலி போதாமையால் இளைஞர் இத்தொழிலைக் கற்க முன்வருவதில்லை. முன்பு நூற்றுக்கணக்காக இருந்த பட்டறைகள் குறைந்துவிட்டன. இன்று அரம் பிடிக்கும் கைகளுட் பல முதுமை எய்தியவை.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திண்டுக்கற் பூட்டுக்குப் புவிசார் குறியீடு அளிக்கப்பட்டது. வேறோர் ஊரிற் செய்த பூட்டைத் திண்டுக்கற் பூட்டு என்று பெயரிட்டு விற்பது அதனால் சட்டவிரோதமாகிறது. இது நமக்குப் பெருமையே. ஆயினும், பெயரைக் காக்கச் சட்டம் போதும். தொழிலைக் காக்க வாங்குவோரும் கற்போரும் வேண்டும். பெயர் நிலைத்துத் தொழில் அழிந்து போயின், அக்குறியீடு நடுகல்லில் எழுதிய பெயரைப் போன்றதாகவே முடியும்.

ஒரு பெட்டிக்குப் பல சாவிகள்

ஒரு மனிதன் தன் பொருளைக் காக்கப் பூட்டிடுகிறான். அதற்கு ஒரு சாவி போதும். பலருக்குப் பொதுவான பொருளைக் காப்பது எப்படி? ஒருவரிடமே சாவி இருந்தால், அவர் எத்துணை நல்லவராயினும் ஐயம் பிறக்கும். ஐயம் பிறந்தால் கூட்டம் சிதறும். இதற்கு உலகத்தார் பலரும் ஒருவரைக் கண்டு ஒருவர் கற்காமல் தாமாகவே கண்ட உபாயம் ஒன்றே. அது யாதெனில், ஒரு பெட்டிக்குப் பல பூட்டு என்பதாம்.

1199-ஆம் ஆண்டில் உரோமாபுரியிலிருந்த போப்பரசர் மூன்றாம் இன்னசன்ட், ஒவ்வொரு மாதா கோயிலிலும் சிலுவைப் போருக்கான காணிக்கைப் பெட்டி ஒன்று வைக்கும்படியும், அதற்கு மூன்று சாவிகள் இருக்கும்படியும் கட்டளையிட்டார். ஒன்று மேற்றிராணியாரிடமும், ஒன்று கோயிற் குருவிடமும், ஒன்று பக்தியுள்ள ஒரு குடியானவரிடமும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மூவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. ஜெர்மானிய தேசத்தில் தச்சர், கொல்லர், நெசவாளர் முதலிய தொழிலாளர் சங்கங்கள் இருந்தன. ஒவ்வொரு சங்கத்துக்கும் சித்திர வேலைப்பாடமைந்த ஒரு பெட்டி உண்டு. அதிலே சங்கத்தின் பணமும், பட்டயமும், கணக்கும் இருக்கும். அதன் சாவிகள் வெவ்வேறு மூத்த உறுப்பினரிடம் இருக்கும். பெட்டியைத் திறந்து நடுவே வைத்த பின்னரே கூட்டம் முறைப்படி தொடங்கும். திறந்த பெட்டியின் முன் எவரும் தகாத சொல் சொல்லுதல் கூடாது. ஏழைத் தொழிலாளியின் ஈமச் செலவும், கைம்பெண்ணின் உதவிப் பணமும் அப்பெட்டியிலிருந்தே வந்தன. இன்று அப்பெட்டிகள் அழகிய கலைப்பொருள்களாகக் காட்சிச் சாலைகளில் இருக்கின்றன. ஆனால், அவற்றைச் செய்தவர்கள் காட்சிக்காகச் செய்யவில்லை; தமக்குள்ளே வஞ்சனை நுழையாதிருப்பதற்காகச் செய்தார்கள்.

இலங்கையில் கண்டி மாநகரத்துத் தலதா மாளிகையிலே புத்தர் பெருமானின் தந்தம் வைத்துள்ள பேழைக்கும் மூன்று சாவிகள். மல்வத்தை, அஸ்கிரியை என்னும் இரண்டு பீடங்களின் மகாநாயக்க தேரர்களிடம் ஒவ்வொன்றும், தியவடன நிலமே என்னும் இல்லறத்து அதிகாரியிடம் ஒன்றும் இருக்கின்றன. நம் தமிழ்நாட்டுத் திருக்கோயில்களிலும் உண்டியலைப் பூட்டி முத்திரையிட்டு, அறங்காவலரும் அறநிலையத் துறை அலுவலரும் முன்னிலையிற் கூடித் திறந்து, பலர் காணக் காணிக்கையை எண்ணுகின்றனர்.

சாவியைப் பற்றிய கவனக்குறைவு எங்ஙனம் முடியும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஒடிசா மாநிலத்துப் பூரி ஜகந்நாதர் ஆலயத்தின் ரத்தின பண்டாரத்தை 1978-ஆம் ஆண்டுக்குப் பின் முறையாகக் கணக்கெடுக்கவில்லை. 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பரிசோதிக்கச் சென்றபோது உள்ளறையின் சாவிகள் அகப்படவில்லை. நாடெங்கும் பேச்சும் சந்தேகமும் எழுந்தன. முடிவில் 2024-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி பூட்டுகளை உடைத்தே உள்ளே செல்ல நேர்ந்தது. பூட்டு வலிதாகவே இருந்தது. சாவியைக் காக்கும் முறையிலேதான் தளர்ச்சி வந்தது.

நாம் செய்யத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகின்றது. பூட்டு இரும்பினாலும் பித்தளையினாலும் மட்டும் ஆவதன்று. அதனைச் செய்பவனது நேர்மையும், சாவியை வைத்திருப்பவனது நேர்மையும் சேர்ந்தே அது பூட்டாகின்றது. பூட்டுச் செய்பவன் மனம் வைத்தால் எந்த வீட்டுக்கும் மாற்றுச் சாவி செய்துகொள்ளலாம். அவன் அவ்வாறு செய்யமாட்டான் என்னும் நம்பிக்கையினாலேயே திண்டுக்கல்லின் பெயர் ஊர் ஊராகப் பரந்தது. அத்தகைய நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு கைத்தொழில் நம் கண்ணெதிரே மெலிவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருத்தல் தகுமா?

சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் செய்யக்கூடியவை சில உள. முதலாவது, வீட்டிலுள்ள பழம் பித்தளைப் பூட்டையும் திறவுகோலையும் எடைக்குப் போடாதிருத்தல் வேண்டும். சாவி தொலைந்து போயிருப்பினும் கவலை இல்லை. திண்டுக்கல் பட்டறைகளிலே அதனைத் திறந்து புதிய சாவி ராவிக் கொடுக்க வல்லவர் இன்னும் இருக்கின்றனர். இரண்டாவது, அப்பூட்டு யார் காலத்தில் வாங்கியது, எந்தக் கதவில் இருந்தது, எவ்வளவு விலை என்பவற்றை முதியோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனோடு கட்டி வைக்க வேண்டும். காட்சிச் சாலையில் உள்ள பொருளுக்கும் பரணில் உள்ள பொருளுக்கும் உள்ள பெரிய வேற்றுமை, அதன் வரலாறு எழுதப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதேயாகும். மூன்றாவது, புது வீடு கட்டுவோரும், கோயில் திருப்பணி செய்வோரும், கலியாணச் சீர்வரிசையில் பீரோ கொடுப்போரும் ஒரு பூட்டாயினும் கைத்தொழிலாளியிடம் நேரிற் சென்று வாங்க வேண்டும். விலை சிறிது மிகுதியாக இருக்கலாம். ஆனால் அது பேரன் காலம் வரை உழைக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் மிகுதியன்று. நான்காவது, இயந்திரக் கல்வி பயிலும் நம் இளைஞர்கள் விடுமுறையில் ஒரு நாளேனும் அப்பட்டறைகளுக்குச் சென்று, லீவர் அடுக்கும் முறையைப் படமாக வரைந்தும் குறிப்பெழுதியும் வரவேண்டும். ஏட்டில் ஏறாத வித்தை, அதனை அறிந்த கையோடு மறைந்துவிடும்.

ஐந்தாவதாகக் கூறவேண்டுவது சங்கங்களைப் பற்றியது. நம்மனோர் நடத்தும் கல்வி நிதி, கோயில் நிதி, திருமண உதவி நிதி முதலியவற்றில் இன்று பணம் பாங்கியிலும் கணக்கு ஏட்டிலும் இருக்கலாம். ஆயினும் ஜெர்மானியச் சங்கத்தார் பெட்டியின் தத்துவம் மாறவில்லை. மூவர் கையெழுத்து என்பதும் மூன்று சாவி என்பதும் ஒன்றே. உறுப்பினர் கூடும்போது கணக்கைத் திறந்து நடுவே வைப்பது, பெட்டியைத் திறந்து நடுவே வைப்பதற்கு நிகர். தலைவரிடம் நம்பிக்கை இல்லாமையால் அவ்வாறு செய்வதில்லை. தலைவர்மீது வீண்பழி வராதபடி காப்பதற்கே செய்கிறோம். கணக்குக் கேட்பவனைப் பகைவன் என்று எண்ணும் சங்கம் நெடுநாள் நில்லாது. கேட்குமுன்னே காட்டும் சங்கத்துக்குக் குறைவில்லை.

ஆத்தூரிலும் சுற்றூர்களிலும் உள்ள பழைய வீடுகளின் வாயிலிலே தொங்கும் ஒவ்வொரு திண்டுக்கற் பூட்டும், இன்னார் என்று பெயர் அறியப்படாத ஒரு தொழிலாளியின் கைவேலை. அவன் நம்மைக் கண்டதில்லை. நாம் அவனைக் கண்டதில்லை. எனினும் நம் தாத்தாவின் நெல்லையும் பாட்டியின் நகையையும் இரவெல்லாம் காத்தவன் அவனே. அக்கடனை நாம் தீர்க்க வேண்டுமாயின், அவன் செய்த பொருளைப் பேணுவதும், அவன் மரபினர்க்கு வேலை கொடுப்பதும், பொதுப்பொருளை அவன் பூட்டைப் போலவே பிசகின்றிக் காப்பதுமே வழியாகும்.